வழுவும் வழுவமைதியும்: மொழிமாற்று அறிவியற் புனைவுகளில் பிழை காணல்

தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் அறிவியற் புனைவுகளில் ஒலிப் பிழைகளையும் தொடர்ச்சிப் பிழைகளையும் தேடிப் பட்டியலிடுவது பல நாடுகளிலும் காணப்படும் ஒரு பழக்கமாகும். ஒரு காட்சியில் இடக்கையில் இருந்த கருவி அடுத்த காட்சியில் வலக்கைக்கு மாறியிருத்தல், கதவு மூடிய பின்னர் அதன் ஓசை கேட்டல், உதடு அசையாத இடத்தில் குரல் எழுதல் போன்றவை இப்பட்டியல்களில் இடம்பெறும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘ஸ்டார் டிரெக்’கின் 1966ஆம் ஆண்டுக் கதை ஒன்றில், கப்பல் தலைவருக்கென எழுப்பப்படும் கல்லறைக் கல்லில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்னும் பெயர் காணப்படுகிறது. பின்வந்த கதைகளில் அவர் ‘ஜேம்ஸ் டி. கிர்க்’ ஆகிவிடுகிறார். ஓர் எழுத்து மாறிய இப்பிழை அரை நூற்றாண்டுக்கும் மேலாக எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது.

இத்தகைய பட்டியல்கள் கூர்மையான கவனிப்பின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை எல்லாப் பிழைகளையும் ஒரே நிறையுடையனவாகக் கொள்கின்றன. வெற்றிடத்தில் ஒலி பரவாது என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. எனினும் திரையில் விண்கலங்கள் இரைந்துகொண்டே செல்கின்றன. 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ போன்ற சில படைப்புகளே விண்வெளியின் அமைதியை அமைதியாகக் காட்டின. ஏனையவற்றில் இரைச்சல் மரபாகிவிட்டது. இதனையும் கல்லறைக் கல்லில் மாறிய எழுத்தையும் ஒரே வகைப் பிழையாக எண்ணுவது பொருந்துமா?

இவ்வினாவிற்கு விடை காணத் தமிழ் இலக்கண மரபில் ஒரு கருவி ஆயத்தமாக உள்ளது. தொல்காப்பியக் கிளவியாக்கமும் நன்னூற் பொதுவியலும் வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என்னும் மூன்றாவது நிலையையும் ஏற்கின்றன. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழிடத்து வழு நிகழும். ஆனால் தக்க காரணம் பற்றி வந்த வழு அமைத்துக்கொள்ளப்படும். பசு ஒன்றை உவப்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணைவழு. ஆயினும் அமைதி பெற்றது. விண்கலத்தின் இரைச்சலையும் இவ்வாறு அமைந்த மரபு வழுவாகக் கொள்ளலாம். கல்லறை எழுத்தோ, காரணம் எதுவுமின்றி நேர்ந்த வழு. பிழைப் பட்டியல்களில் இல்லாதது இம்மூன்றாவது நிலையே.

ஒரு மொழியில் எடுக்கப்பட்டு வேறொரு மொழியில் குரல் ஏற்றப்பட்ட படைப்புகளை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு இன்றியமையாததாகிறது. மொழிமாற்றுப் படைப்பு தொடக்கம் முதல் இறுதிவரை வழுவமைதியின் மேலேயே நிற்பது. நடிகரின் வாய் ஒரு மொழியைப் பேசுகிறது. கேட்கும் குரல் வேறொரு மொழியைப் பேசுகிறது. இவ்விரு மொழிகளையும் வீட்டு மொழிகளாகக் கொண்ட பார்வையாளரே இதற்குத் தகுந்த நடுவர். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் அறிவியற் புனைவுகளைப் பொறுத்தவரை அத்தகைய நடுவர்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் மிகுதியாக உள்ளனர்.

1911இல் உருவாக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தமிழும் தெலுங்கும் தெருவிலும் கடையிலும் ஒன்றையொன்று தொட்டே வழங்குகின்றன. 1993இல் சன் தொலைக்காட்சியும் 1995இல் ஜெமினி தொலைக்காட்சியும் தொடங்கப்பட்ட பின்னர், கேபிள் இணைப்புள்ள ஒரே வீட்டில் ஒரே கதையை இரு மொழிகளிலும் காணும் வாய்ப்பு ஏற்பட்டது. மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு மொழிபெயர்ப்பு ஆய்வாளர் படும் பாட்டை இங்குள்ள பார்வையாளர் தொலைவியக்கியின் ஒரு பொத்தானைக் கொண்டு முடித்துவிடுகிறார்.

காலப் பயணமும் அரசனின் மொழியும்

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 1991இல் வெளிவந்த ‘ஆதித்யா 369’ தெலுங்கு அறிவியற் புனைவுகளுள் முதன்மையான இடத்தைப் பெற்றது. தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ என்னும் பெயருடன் வந்தது. 2025இல் தெலுங்கில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தமை அதன் செல்வாக்கு குறையாததைக் காட்டும். பேராசிரியர் ஒருவர் உருவாக்கிய பொறியில் ஏறியவர்கள் முதலில் கி.பி. 1526இல் கிருஷ்ணதேவராயரின் விசயநகரத்தையும், பின்னர் அணுப்போருக்குப் பிற்பட்ட கி.பி. 2504ஆம் ஆண்டையும் காண்கின்றனர்.

கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டவர்; ஆகவே ஆண்டுக் கணக்கில் பிழையில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டு இளைஞன் பதினாறாம் நூற்றாண்டு அரசவையினரோடு இடர்ப்பாடின்றி உரையாடுகிறான். நானூற்றறுபது ஆண்டுகளில் தெலுங்கு அடைந்த மாற்றங்களை அறிந்த மொழியியலார்க்கு இது காலவழு. எனினும் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது. ஆதலின் இது வழுவமைதி. தமிழ் வடிவில் இதன்மேல் இன்னொரு வழு ஏறுகிறது. தெலுங்குப் பேரரசன் தமிழ் பேசுகிறான்.

வெளியூர்ப் பட்டியலாளர் இதனைத் தலையாய பிழையாகக் குறிக்கக்கூடும். திருப்பதியில் அது அவ்வாறு தோன்ற வேண்டியதில்லை. திருமலைக் கோயிலில் கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் உலோகப் படிமங்கள் உள்ளன. அவருடைய கொடைகளைக் கூறும் திருமலைக் கல்வெட்டுகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் உள்ளன. தெலுங்கில் அவர் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’ தமிழ்நாட்டு ஆண்டாளின் வரலாற்றைப் பாடுவது. அம்மன்னன் வாயில் தமிழைக் கேட்பதற்கு மலையடிவாரத்தில் வாழ்வோர் பெரிதும் வியப்படைய மாட்டார்கள். ஒரு வழு எவ்விடத்தில் அமைதி பெறும் என்பது பார்வையாளர் வாழும் இடத்தையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதழும் ஒலியும்

உதட்டசைவுப் பொருத்தம் பற்றிய முறையீடுகள் பெரும்பாலும் பொத்தாம்பொதுவாகவே அமைகின்றன. உண்மையில் எல்லா ஒலிகளும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தொல்காப்பியப் பிறப்பியல் இதழ் இயைந்து பிறக்கும் பகர மகரங்களையும், பல்லும் இதழும் இயையப் பிறக்கும் வகரத்தையும், இதழ் குவியப் பிறக்கும் உகர ஒகரம் முதலியவற்றையும் பிரித்துக் கூறுகிறது. மொழிமாற்றுவோர் கவனிக்க வேண்டிய ஒலிகளின் பட்டியலும் ஏறத்தாழ இதுவே. தெலுங்கிலுள்ள ஒலிப்புடைய பகரமும் மூச்சொலிப் பகரமும் தமிழில் இல்லை என்பது இங்குத் தடையாவதில்லை. திரையில் அவை அனைத்தும் மூடித் திறக்கும் இதழ்களே.

மூடாத உதட்டின்மேல் பகரத்தை ஏற்றுவது அழகுக் குறை மட்டுமன்று. 1976இல் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் வெளியிட்ட ஆய்வில், ‘ப’வின் ஒலிப்புடை வடிவம் செவியில் விழ, ககரம் ஒலிக்கும் வாய் கண்ணில் பட, பலரும் தகரத்தையே கேட்டதாகக் கூறினர். கண் செவியைத் திருத்துகிறது. ஒலியும் உருவும் காலத்தால் பிறழ்வதைப் பற்றி 1998இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே பார்வையாளர் உணர்ந்துவிடுவர். பிந்தினால் 125 மில்லி நொடிவரை உணரார். இடி மின்னலுக்குப் பின்னரே கேட்கும் உலகில் வாழும் செவிக்கு இது இயல்பே. ஐயம் நேருமிடத்துக் குரலைச் சற்றுப் பிந்த விடுவதே நலம் என்பது இதனால் பெறப்படும்.

தெலுங்குக்கும் தமிழுக்கும் இடையிலான உண்மையான இடர் சொல்லிறுதியில் உள்ளது. ‘நேனு வஸ்தானு’ என்பதன் இறுதி உகரத்தில் இதழ் குவிகிறது. ‘நான் வருகிறேன்’ மெய்யில் முடிகிறது. தமிழில் உகரத்தால் முடியும் சொற்களிலும் குற்றியலுகரத்திற்கு இதழ் குவிவதில்லை. குரல் நின்ற பின்னரும் வாய் திறந்திருக்கும் அந்த இடைவெளியை நிரப்பவே ‘தானே’, ‘அல்லவா’, ‘தெரியுமா’ என்னும் ஒட்டுகள் மொழிமாற்றுத் தமிழில் பெருகின. இவ்வொட்டுகளால் ஒரு பாத்திரம் உறுதியாகக் கூறியது கெஞ்சலாகவும், செய்தியாகக் கூறியது வினாவாகவும் திரிந்துவிடுகிறது. பட்டியலாளர் கண்ணில் படாத இவ்வழுவே கதையை மிகுதியும் சிதைப்பது. (சிங்கீதம் சீனிவாசராவ் 1987இல் உரையாடலே இல்லாத படம் ஒன்றை எடுத்ததும், தமிழில் அதற்குப் ‘பேசும் படம்’ என்று பெயர் வாய்த்ததும் இங்கு நினைவுக்கு வருகின்றன. அப்படத்திற்கு இத்தொல்லை இல்லை.)

காலப் பயணக் கதையில் தவிர்க்க முடியாதது ஆண்டு. 1526 என்னும் எண் திரையில் எழுத்து வடிவில் தோன்றினால் மொழிபெயர்ப்பு வேண்டா. வாயால் சொல்லும்போது தெலுங்கில் ‘பதிஹேனு வந்தல இரவை ஆரு’ என்பர்; பன்னிரண்டு ஒலியசைகள். தமிழில் ‘ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தாறு’, அதுவும் பன்னிரண்டே. நீளம் பொருந்திவிட்டது. ஆனால் தெலுங்கு இதழ் மூடித் தொடங்குகிறது. தமிழ் வாய் திறந்து தொடங்குகிறது. பத்தாவது அசையில் தெலுங்கில் வகரம், தமிழில் பகரம். பேச்சுத் தமிழில் இது ‘இருவத்தாறு’ ஆகும்போது அப்பகரமும் வகரமாகி உதட்டோடு பொருந்திவிடுகிறது. எழுத்துத் தமிழ் பிழைபடுமிடத்தில் பேச்சுத் தமிழ் காப்பாற்றும் என்பதற்கு இது சிறு எடுத்துக்காட்டு. பெரிய எடுத்துக்காட்டு பின்னர் வரும்.

எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒரு முயற்சியும் மொழியியலார் அறியத்தக்கது. 1982இல் வெளிவந்த இரண்டாம் ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படத்தில் இரு பாத்திரங்கள் வல்கன் மொழியில் பேச வேண்டிய காட்சி ஆங்கிலத்தில் படமாக்கப்பட்டிருந்தது. மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட், நடிகரின் ஆங்கில உதட்டசைவுக்கு இயைந்த ஒலிகளைக் கொண்டே வல்கன் தொடர்களை உருவாக்கினார். பின்னர் 1984ஆம் ஆண்டுப் படத்திற்காக அவர் கிளிங்கன் மொழியை அமைத்தபோது, நடிகர்கள் தவறாக ஒலித்த சில இடங்களை மொழியின் விதியாகவே ஏற்றுக்கொண்டார். வழுவை அமைதியாக்கிய இலக்கணி என்றே அவரைக் கூறலாம். வாழும் மொழிகளுக்கு இடையில் பணிபுரிவோர்க்கு அவ்வுரிமை இல்லை.

வந்தாளா, வந்ததா?

தெலுங்கின் ஒருமை வினைமுற்றில் ஆண்பால், ஆண்பாலல்லாதது என்னும் இருகூற்றுப் பாகுபாடே உண்டு. ‘வச்சிந்தி’ என்பது பெண் வந்ததையும் குறிக்கும். பசுவோ வண்டியோ பொறியோ வந்ததையும் குறிக்கும். பன்மையில் மகளிர் ஆடவரோடு சேர்ந்து ‘வச்சாரு’ பெறுவர். அஃறிணை ‘வச்சாயி’ பெறும். இது திராவிட மொழியியலில் பாலபாடம். ஆனால் அறிவியற் புனைவின் மொழிபெயர்ப்பில் இதன் விளைவு போதிய கவனம் பெறவில்லை.

வாயிலில் ஓர் உருவம் வந்து நிற்கிறது. அது பெண்ணா, பெண்ணுருக் கொண்ட பொறியா என்பது கதையின் பிற்பகுதியில்தான் தெரியவேண்டும். தெலுங்கு எழுத்தாளர்க்கு ‘வச்சிந்தி’ போதும். இலக்கணமே மறைபொருளைக் காக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘வந்தாள்’ என்றால் ஒரு பொய் சொன்னவராகிறார். ‘வந்தது’ என்றால் கதையை முன்கூட்டியே உடைத்தவராகிறார். இரண்டையும் மாறிமாறி எழுதினால் பட்டியலாளர்க்கு ஒரு தொடர்ச்சிப் பிழை கிடைக்கிறது. பிழையின் வேர் இரு மொழிகளின் பால் அமைப்பில் உள்ளது என்பது அவருக்குத் தெரிவதில்லை.

ஆண்பாற் பொறிகளுக்கு இவ்விடர் இல்லை. 2010இல் ‘எந்திரன்’ தெலுங்கில் ‘ரோபோ’ ஆனபோது சிட்டி என்னும் பொறிமனிதனை ‘வந்தான்’ என்றாலும் ‘வந்தது’ என்றாலும் ‘வச்சாடு’, ‘வச்சிந்தி’ என நேரிணை கிடைத்தது. 2024இல் வெளிவந்த ‘கல்கி 2898 ஏ.டி.’ படத்தில் வரும் ‘புஜ்ஜி’ வேறு வகை. அது ஒரு வண்டி. அதன் அறிவுக்குக் கீர்த்தி சுரேஷின் பெண் குரல் அமைந்தது. அப்படத்திற்கு முன்னோட்டமாக ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்னும் உயிரூட்டுத் தொடரும் அதே ஆண்டில் இணையவழித் தொலைக்காட்சியில் வந்தது. ‘புஜ்ஜி வச்சிந்தி’ என்னும் தெலுங்குத் தொடரில் வண்டியும் பெண்ணும் ஒருங்கே வருகின்றனர். தமிழில் ஒன்று மற்றொன்றை வெளியேற்றிவிடும். பைரவன் தன் வண்டியை ‘வந்தாள்’ என்றால் அது பசுவை அம்மை என்ற அதே உவப்புத் திணைவழுவமைதி. அந்த உவப்பு அவனுக்கு மட்டும் உரியது. வண்டியோடு உறவில்லாத வேறொருவன் வாயில் அதே ‘வந்தாள்’ வெறும் வழு. எனவே ‘எப்போதும் ஒரே பால்’ என்னும் இயந்திர விதி இங்கு உதவாது. யார் யாரைப் பற்றிப் பேசும்போது எது என வகுத்துக்கொள்வதே தொடர்ச்சி.

மறைபொருள் காக்க வேண்டிய இடத்திலோ பேச்சுத் தமிழ் ஒரு வழி தருகிறது. ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்பது தமிழகமெங்கும் கேட்கும் வழக்கு. இதில் பெண்ணுக்கு அஃறிணை முற்று வந்தும் இழிவு இல்லை. பல இடங்களில் அன்பே புலப்படும். ‘வந்துச்சு’ என்பது ‘வச்சிந்தி’க்கு ஏறத்தாழ முழுமையான இணை. செந்தமிழ் நோக்கில் இதனை ஒதுக்கும் மொழிமாற்று எழுத்தாளர்கள் தம் கையிலிருந்த திறவுகோலை எறிந்துவிட்டுப் பூட்டை உடைக்க முயல்கின்றனர்.

படர்க்கை ஆண்பாற் பெயர்களில் வேறொரு சிக்கல். தெலுங்கில் ‘வாடு’, ‘அதனு’, ‘ஆயன’ என மதிப்பு படிப்படியாக உயரும். தமிழில் ‘அவன்’, ‘அவர்’ என இரண்டே. இடைப்பட்ட ‘அதனு’ ஒரு காட்சியில் ‘அவன்’ ஆகவும் அடுத்ததில் ‘அவர்’ ஆகவும் பெயர்க்கப்பட்டால், இருவரிடையே ஏதோ மனமாற்றம் நிகழ்ந்ததாகப் பார்வையாளர் எண்ண நேரிடும். இரு மொழியும் அறிந்த சித்தூர்ப் பார்வையாளர் மட்டுமே அதன்பின் நின்ற ‘அதனு’வை உய்த்துணர்வார். ஏனையோர் குழம்புவர்.

பொறியின் பெயர்

பெயர் மாறுவது எல்லாத் தொடர்ச்சிப் பிழைகளிலும் எளிதில் தவிர்க்கத்தக்கது. ஆயினும் மிகுதியாக நிகழ்வது. காலத்தில் பயணம் செய்யும் பொறிக்குத் தமிழில் ‘கால இயந்திரம்’, ‘காலப்பொறி’, ‘டைம் மிஷின்’ என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ‘காலயந்த்ரம்’ என்னும் தெலுங்குச் சொல்லின் உதட்டசைவுக்குக் ‘கால இயந்திரம்’ நெருங்கியது. இரண்டும் மகரத்தில் இதழ் மூடி முடிவன. ‘காலப்பொறி’ நடுவில் இதழ் மூடித் திறந்த வாயில் முடிவது. தூய்மை நோக்கில் ‘காலப்பொறி’யே சிறந்தது என்போர் உளர். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தூர்தர்ஷனில் தொடராகவும் வந்து ‘இயந்திர’த்தைப் பொதுமக்கள் காதில் பதித்தமையை எதிர்த்தரப்பார் காட்டலாம். இவற்றுள் எதனையும் தேர்ந்தெடுக்கலாம். முதற்காட்சியில் ‘கால இயந்திரம்’, இடைவேளைக்கு முன் ‘காலப்பொறி’, இறுதியில் ‘டைம் மிஷின்’ என்று வருமாயின், மூன்று பொறிகள் உள்ளன எனச் சிறுவர் எண்ணுவதைத் தவறென்று கூற முடியாது. இல்லாத பொருளுக்கு அதன் பெயரே உடல். நாற்காலியைத் திரையில் காட்டி எப்பெயராலும் அழைக்கலாம். காலப்பொறிக்கு அவ்வாறு இயலாது.

படப்பிடிப்பில் தொடர்ச்சியைக் குறித்து வைக்கும் பொறுப்பு உதவி இயக்குநர் ஒருவருக்கு உண்டு. எவ்வுடை, எக்கையில் எப்பொருள் என அவர் ஏட்டில் எழுதி வைப்பார். மொழிமாற்றத்தில் சொற்களுக்கு அத்தகைய ஏடு வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு புதுப்பொருளின் பெயர், ஒவ்வொரு இணைப் பாத்திரத்திற்கும் இடையே வழங்கும் நீ, நீங்கள், அவன், அவர், ஒவ்வொரு பொறிக்கும் உரிய பால் ஆகியவை அதில் இடம்பெறுதல் வேண்டும். எழுதிய பின்னர், குரல் பதிவுக்கு முன், நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ இருவரை அமர்த்திக் காட்டினால் எவ்விடத்தில் அவர்கள் முகம் சுளிக்கின்றனர் என்பது தெரிந்துவிடும்.

இதில் பொழுதுபோக்கைக் கடந்த ஒரு நலனும் அடங்கியுள்ளது. எல்லைப்புறத்தில் தமிழ் பேசும் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பலர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கல்வி பெறுகின்றனர். தமிழ் எழுத்து அறியாதவர்கள் அவர்களுள் பலர். கோள், அணு, கதிர்வீச்சு, ஈர்ப்பு என்னும் சொற்களைப் பாடநூலில் அல்லாது தொலைக்காட்சிக் குரலிலேயே அவர்கள் தமிழில் கேட்கின்றனர். சென்னையில் பிழையாகப் பெயர்க்கப்பட்ட ஒரு சொல்லைத் தமிழகத்து மாணவன் பள்ளியில் திருத்திக்கொள்வான். திருப்பதிப் பிள்ளைக்கு அதுவே சொல்.

‘ஆதித்யா 369’ இந்தியில் ‘மிஷன் 369’ என்னும் பெயரில் வந்தது. இந்தி மொழிமாற்றாளர் கருதியது ஆங்கிலத்தில் பணி அல்லது குறிக்கோளைச் சுட்டும் சொல்லையே. தெலுங்குப் பேச்சில் தையற்பொறி ‘குட்டு மிஷன்’. பொறி எதுவும் ‘மிஷன்’ எனப்படும். சித்தூர்க் கடைத்தெருவில் அப்பெயரைப் படிப்பவர்க்கு அது ‘பொறி 369’ என்றே பொருள்படும். கதைக்கு மூன்று மொழிகளில் இடப்பட்ட தலைப்புகளுள் பொறியை நேரே சுட்டும் தலைப்பு அதுவே.